மண்ணெண்ணெய்க் காரும் மறைந்திருந்த பழுதும்

எழுவைதீவிலிருந்து வந்த ஒருவன் மோட்டார்க் காரைப் பற்றிப் பேசப் புகுவது நேயர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஊர்காவற்றுறையில் படகேறினாலன்றி எங்கள் தீவை அடைய இயலாது; அடைந்த பின்னரோ, ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கால்நடையாகவே போய்விடலாம். காருக்கு அங்கே வேலை குறைவு. ஆயினும், ஓடிக்கொண்டிருக்கும் யந்திரம் நடுவழியில் மூச்சுத் தவறுவது எத்தகைய சங்கடம் என்பதை எங்கள் தீவாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கடலின் நடுவே அது நேரும்போது இறங்கி நடக்க வழியில்லை அன்றோ?

இன்று நான் சொல்லவிருப்பது தரையில் ஓடிய யந்திரங்களின் கதை. யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் மண்ணெண்ணெயைக் குடித்து ஓடிய காலத்தின் கதை.

அக்கார்கள் அங்கே எஞ்சியிருந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. ஒஸ்ரின் கம்பனி 1947இல் ஏ-40 என்னும் வகையை வெளியிட்டது. அதன் யந்திரம் 1200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. மறு ஆண்டு மொறிஸ் மைனர் வந்தது. 1952இல் இவ்விரு கம்பனிகளும் ஒன்றாயின. உத்தியோகத்தரும் வைத்தியரும் ஆசிரியரும் வாங்கிய கார்கள் பெரும்பாலும் இவையே. பின்னர் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960களில் இறக்குமதி இறுகியது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரையில், உள்ள காரைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓட்டுவதன்றி வேறு வழி இருக்கவில்லை. இந்தியாவில் மொறிஸ் ஒக்ஸ்போட்டின் வழிவந்த அம்பாசடர் 2014 வரை உற்பத்தியானதும், நம் நாட்டில் ஏ-40 வாடகைக் காராக நின்று நிலைத்ததும் ஒருவகையில் உடன்பிறந்த கதைகளே.

1990ஆம் ஆண்டு யூன் மாதம் மீண்டும் போர் மூண்டது. யாழ்தேவி ஓடாதாயிற்று, மின்சாரம் அற்றுப்போயிற்று, பெற்றோலும் பற்றறியும் குடாநாட்டுக்குள் வருவது தடைப்பட்டது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுழற்றி, டைனமோவின் மின்னால் றேடியோச் செய்தி கேட்ட இரவுகளை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். குறைந்த அளவில் வந்துகொண்டிருந்த மண்ணெண்ணெயே விளக்குக்கும், நீரிறைக்கும் யந்திரத்துக்கும், காருக்கும் ஆயிற்று.

காரை மண்ணெண்ணெயில் ஓட்டுவது யாழ்ப்பாணத்தார் கண்டுபிடித்த வித்தை என்று பெருமை பேசுவோர் உளர். அது முற்றிலும் சரியன்று. அமெரிக்காவில் 1917இல் வெளிவந்த போட்சன் உழவு யந்திரம் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடியது. இங்கிலாந்தின் பேர்குசன் உழவு யந்திரத்திலும் அவ்வாறான ஒரு வகை இருந்தது. பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெயோ ஏறக்குறைய 150 பாகை செல்சியசுக்கு மேலேதான் கொதிக்கத் தொடங்கும். ஆகவே யந்திரம் சூடேறும் வரை சிறிது பெற்றோல் வேண்டும். நம்மவர் ஒரு சிறு போத்தலில் பெற்றோலை மருந்துபோற் காத்து, காபரேற்றரின் வாயிற் சில துளி விட்டு, கைபிடி கொண்டு சுழற்றித் தொடக்கினர். பழைய யந்திரங்கள் கலவையை ஏறக்குறைய 7 மடங்கே அழுத்துபவை. அதனாற்றான் அவை இத்தீனியைப் பொறுத்துக்கொண்டன. அதிகம் அழுத்தும் புதிய யப்பானியக் கார்களால் அவ்வளவு பொறுக்க முடியவில்லை. உழவு யந்திரத்திலே காற்றும் எண்ணெயும் சூடேறிச் செல்லத் தனி ஏற்பாடு இருந்தது. நம் கார்களுக்கு அதுவும் இல்லை. எரியாத மண்ணெண்ணெய் வளையங்களைக் கடந்து கீழிறங்கி, மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்தது. எண்ணெய் குறைவதற்குப் பதிலாகக் கூடும் விந்தையை அக்காலத்துச் சாரதிகள் நாள்தோறும் கண்டனர். பிளக்குகள் கரி பிடித்துக் கறுத்தன.

இதனால் ஒரு தீங்கு விளைந்தது. யந்திரத்தில் எந்தக் குறை வந்தாலும் பழி மண்ணெண்ணெய் மேலே விழுந்தது. உண்மையான குற்றவாளி அதன் நிழலில் ஒளிந்துகொண்டான்.

நான் அக்காலத்தில் மாணவன். என் பெரியப்பா ஓர் ஏ-40 வைத்து வலிகாமத்தில் வாடகைக்கு ஓட்டினார். 1992ஆம் ஆண்டளவில் அதற்கு ஒரு நோய் கண்டது. வீட்டு முற்றத்தில் நிறுத்தி ஓடவிட்டால் குறையே இராது. வீதியில் இறங்கி வேகத்தைக் கூட்டும்போதோ குறைக்கும்போதோ இரண்டு மூன்று துடிப்புத் தவறி, வண்டி குலுங்கி, மறுபடி ஒன்றும் அறியாததுபோல் ஓடும். கராச்சிலே காட்டினால் அன்றைக்கு வராது. வைத்தியர் வரும்போது விட்டுப்போகும் முறைக்காய்ச்சலை ஒத்தது அது. மண்ணெண்ணெயைத் துணியில் மும்முறை வடித்தோம்; காபரேற்றரைக் கழற்றிக் கழுவினோம்; அரிதிற் கிடைத்த பிளக்குகளை மாற்றினோம். பயனில்லை.

ஒருநாள் இரவு பிரசவ வேதனையுற்ற ஒரு பெண்ணை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றோம். வழியில் மூன்று முறை யந்திரம் நின்றுபோயிற்று. விளக்கற்ற வீதியில், பின்னாசனத்தில் அப்பெண்ணின் முனகலைக் கேட்டுக்கொண்டே கைபிடியைச் சுழற்றிய என் கைகளின் நடுக்கம் இன்றும் நினைவில் உண்டு. நேரத்துக்குச் சேர்ந்துவிட்டோம். ஆயினும் மறுநாள் தொடக்கம் பெரியப்பா இரவில் வாடகைக்குப் போக மறுத்துவிட்டார். இரவிலே நோயாளியை ஏற்ற எங்கள் குறிச்சியில் இருந்த ஒரே கார் அது.

கடைசியில் கராச்சை மூடிவிட்டு வீட்டோடு இருந்த ஒரு முதியவரிடம் கொண்டுபோனோம். அவர் யந்திரத்தைத் தொடவில்லை. பெரியப்பாவின் பக்கத்தில் அமர்ந்து இரண்டு கட்டைத் தூரம் ஓடச் சொன்னார். பின் சொன்னார்: “தம்பி, எண்ணெய்க் குற்றம் எண்டால் மெல்ல வந்து மெல்லப் போகும். இது வெட்டினாப்போல வருகுது, வெட்டினாப்போல போகுது. இது கரண்டின்ரை குற்றம்.”

அன்று அவர் செய்த ஆராய்ச்சியை வரலாறு கற்பிக்கும் நான் இன்றும் எண்ணிப் பார்ப்பதுண்டு. இருட்டும் வரை காத்திருந்தார். விளக்கை அணைத்து, மூடியைத் திறந்து, ஓடும் யந்திரத்தை நெடுநேரம் நோக்கினார். உயர் அழுத்த வயர்களில் மின் கசிந்தால் இருளில் நீலப் பொறி தெரியும்; எதுவும் தெரியவில்லை. பின்னர் நான்கு பிளக் வயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டினார். ஒன்றைக் கழற்றும்போது ஓசையில் மாற்றம் இல்லையேல் அந்தச் சிலிண்டர் முன்னமே வேலை செய்யவில்லை என்பது கருத்து. நான்கும் ஒரேயளவு மாறின. ஆகவே நோய் ஒரு சிலிண்டரைச் சார்ந்ததன்று. நான்குக்கும் மின்னைப் பகிர்வதற்கு முன்னுள்ள பொதுவழியைச் சார்ந்தது. டிஸ்ரிபியூட்டரைத் திறந்தார். மின்னைத் தொட்டு விடும் பொயின்றுகள் எரிந்து குழியாகவில்லை. எனவே கொண்டென்சரையும் விலக்கிவிட்டார். இடைவெளி, அங்குலத்தின் 1000இல் 15 பங்கு, சரியாகவே இருந்தது.

எஞ்சியது அசைவு. வேகம் கூடிக் குறையும்போது, யந்திரத்தின் உறிஞ்சலால் டிஸ்ரிபியூட்டரினுள்ளே இருக்கும் தட்டு சிறிது திரும்பும். பொறி முந்திப் பிந்தி விழுவதற்கான அமைப்பு அது. நிற்கும் காரில் அத்தட்டு திரும்புவதில்லை. முதியவர் அதற்குரிய சிறு குழாயைக் கழற்றித் தம் வாயில் வைத்து உறிஞ்சினார். யந்திரம் திணறி நின்றது. தட்டோடு சேர்ந்து வளையும் குறுகிய வயர் ஒன்று, மேலுறை சிதையாமலே உள்ளே செப்பு இழை அறுந்திருந்தது. தட்டு திரும்புகையில் இழை பிரிந்தது, மீள்கையில் தொட்டது. மின்சாரமின்றிச் சும்மா கிடந்த மேசை விசிறியின் வயரில் நாலு விரற்கடை வெட்டி அவ்விடத்தில் வைத்தார். பெரியப்பா அன்றிரவே வாடகைக்குப் புறப்பட்டார்.

இத்தகைய மனிதர்களின் அறிவு எங்கும் எழுதப்படவில்லை. 2002 ஏப்பிரலில் ஏ-9 வீதி திறந்ததும் பெற்றோல் தாராளமாக வந்தது. மண்ணெண்ணெய்க் கார் கதையாயிற்று. அமெரிக்காவில் 1996 முதல் புதிய கார்களில், துடிப்புத் தவறுவதைத் தானே கண்டு குறித்துவைக்கும் கணினி கட்டாயமாயிற்று. யந்திரத் தண்டின் சுழற்சி ஒரு கணம் தளர்வதை அளந்தே அது கண்டுபிடிக்கிறது. முதியவர் காதால் அறிந்ததும் அத்தளர்ச்சியையேதான்.

மண்ணெண்ணெய் எங்கள் தீவுப் பகுதியை விட்டு நீங்கவில்லை. மீன்பிடிப் படகுகளின் வெளியிணைப்பு யந்திரங்கள் பல பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுவன. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது கடலுக்குப் போகாமல் கரையில் கிடந்த படகுகள் பல. அண்மையில் ஒரு மாணவனின் தகப்பனார், யந்திரம் இடையிடையே இடறுகிறது, எண்ணெய்தான் கூடாது என்று என்னிடம் குறைப்பட்டார். நான் யந்திரம் அறிந்தவன் அல்லன். ஆயினும் ஒன்று கேட்டேன்: “மெல்ல வந்து மெல்லப் போகுதோ, வெட்டினாப்போல வருகுதோ?” அவர் சற்று யோசித்து, “கவனிக்கேல்லை ஐயா, நாளைக்குப் பார்த்துச் சொல்லுறன்” என்றார்.