மின்சாரம் நின்றால் கதவு திறக்குமா? பிரெஞ்சுப் பூட்டுச் சொற்களும் மலையகத்து மின்தொழிலாளர்களும்

நுவரெலியாவில் பல விடுதிகளில் அறைக்குள் போக இப்போது திறப்பு தேவையில்லை. அட்டையைக் காட்டினால் கதவு திறந்துகொள்கிறது. ஹட்டன் போன்ற நகரங்களிலும் அலுவலக வாசல்களில் விரலடையாள இயந்திரங்களும் இலக்கப் பலகைகளும் வந்துவிட்டன. இவற்றைப் பொருத்தவும் பழுதுபார்க்கவும் போகிறவர்களில், லயன்களில் பிறந்து தொழிற்பயிற்சி முடித்த இளைஞர்களும் இருக்கிறார்கள்.

அவர்கள் படிக்கும் தொழில்மொழி பெரும்பாலும் ஆங்கிலம். ஆனால் எல்லா உபகரணங்களும் ஆங்கிலக் கையேட்டோடு வருவதில்லை. லெக்ராண்ட், ஷ்னைடர் போன்ற பிரெஞ்சு நிறுவனங்களின் மின்பொருட்கள் இலங்கையில் நன்கு அறியப்பட்டவை. பிரான்ஸ் சென்று மின்வேலையில் சேரும் நம்மவர்களுக்கோ முதல் நாளே பிரெஞ்சுச் சொற்கள்தான் முன்னால் நிற்கும். கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தால் சொல்லுக்குச் சொல் ஏதோ ஒன்று வரும். பூட்டு விடயத்தில் அது ஆபத்தாகவும் முடியலாம். அந்தச் சொற்களில் முக்கியமானவற்றுக்கு ஆங்கிலத்தில் எது சரி, தமிழில் எப்படி விளங்கிக்கொள்வது என்பதே இக்கட்டுரை.

'பாதுகாப்பு' என்ற ஒற்றைச் சொல்

பிரெஞ்சில் 'செக்யூரித்தே', 'ஸ்யூர்த்தே' என்று இரண்டு சொற்கள் உண்டு. முதலாவதைக் கேட்டதும் ஆங்கிலத்தின் 'செக்யூரிட்டி' நினைவுக்கு வரும். ஆனால் கட்டடத் துறையில் 'செக்யூரித்தே' என்பது தீ, விபத்து போன்றவற்றிலிருந்து ஆட்களைக் காப்பது. அதற்கு ஆங்கிலத்தில் 'சேஃப்டி' என்பதே பொருத்தம். திருடர், அத்துமீறுவோர் ஆகியோரைத் தடுப்பது 'ஸ்யூர்த்தே'. அதுதான் ஆங்கிலத்தில் 'செக்யூரிட்டி'.

தமிழில் இரண்டுக்கும் 'பாதுகாப்பு' என்றே சொல்கிறோம். அதன் விலை நமக்குத் தெரியும். சொந்த வீட்டுக்குப் போகவிடாமல் வைத்திருந்த இடமும் 'உயர் பாதுகாப்பு வலயம்'. 2009 இல் சனங்களைப் போய்ச் சேரச் சொன்ன இடமும் 'பாதுகாப்பு வலயம்'. யாருக்குப் பாதுகாப்பு, எதிலிருந்து பாதுகாப்பு என்று அந்தச் சொல் சொல்லவில்லை. கதவு விடயத்திலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்: இது வெளியே இருப்பவரைத் தடுக்கும் பூட்டா, உள்ளே இருப்பவரைக் காக்கும் ஏற்பாடா?

பூட்டின் உறுப்புகள்

'கொன்த்ரோல் தக்ஸே': ஆங்கிலத்தில் 'எக்ஸஸ் கொன்ட்ரோல்'. யார், எந்த வாசலால், எந்த நேரத்தில் போகலாம் என்று தீர்மானிக்கும் முழு ஏற்பாடு.

'காஷ் எலெக்த்ரிக்': ஆங்கிலத்தில் 'எலெக்ட்ரிக் ஸ்ட்ரைக்'. தோட்டத்தில் 'ஸ்ட்ரைக்' என்றால் வேலைநிறுத்தம். இங்கே அது கதவு நிலையில் பதிக்கப்பட்டு, பூட்டின் நாக்கைப் பிடித்து வைத்திருக்கும் உறுப்பு.

'வாந்தூஸ்': அகராதியைப் பார்த்தால் சுவரில் ஒட்டும் உறிஞ்சுக் கிண்ணம் என்றிருக்கும். பூட்டுத் தொழிலில் இது மின்காந்தப் பூட்டு, ஆங்கிலத்தில் 'மக்னெடிக் லொக்'. இதில் 300 கிலோ என்று எழுதியிருந்தால் அது பூட்டின் நிறையல்ல, கதவை இழுத்துப் பிடிக்கும் வலு.

'பெக்கீய்': நேர்ப்பொருள் ஊன்றுகோல். கதவில் அது கைப்பிடி.

'இஸ்யூ து ஸ்கூர்': அவசர வெளியேறும் வழி. ஆங்கில 'இஸ்யூ'வின் வழக்கமான பொருளில் இதை விளங்கிக்கொள்ளக் கூடாது. பிரெஞ்சில் 'இஸ்யூ' என்றால் வெளியேறும் வாசல்.

உயிர் தங்கியிருக்கும் இரண்டு சொற்கள்

பூட்டு வாங்கும்போது அட்டையில் 'ஆ ருப்த்யூர்' அல்லது 'ஆ எமிஸியோன்' என்று இருக்கும். 'ருப்த்யூர்' என்பதற்கு உடைவு என்றும், 'எமிஸியோன்' என்பதற்கு வெளியீடு என்றும் மொழிபெயர்ப்பு வரும். இரண்டுமே இங்கே பயன்படாது. பேசப்படுவது மின்னோட்டத்தைப் பற்றி.

'ஆ ருப்த்யூர்' பூட்டு மின்சாரம் ஓடும்வரை பூட்டியிருக்கும். மின்சாரம் அறுந்தால் திறக்கும். ஆங்கிலத்தில் இது 'ஃபெயில் சேஃப்'. 'ஆ எமிஸியோன்' பூட்டு மின்சாரம் கொடுத்தால்தான் திறக்கும். மின்சாரம் நின்றால் பூட்டியே இருக்கும். இது 'ஃபெயில் செக்யூர்'. மின்காந்தப் பூட்டு தன் இயல்பிலேயே முதல் வகை. மின்சாரம் இல்லாவிட்டால் காந்தமும் இல்லை.

இரண்டும் தேவையானவைதான். களஞ்சிய அறைக்கும் பணம் வைக்கும் அறைக்கும் இரண்டாவது வகை பொருந்தும். ஆனால் உள்ளேயிருந்து கைப்பிடியைத் திருப்பினால் மின்சாரம் இல்லாமலே திறக்கும்படி அந்தக் கதவு அமைய வேண்டும். பலர் கூடும் மண்டபம், விடுதி, வைத்தியசாலை ஆகியவற்றின் அவசர வாசலுக்கு முதல் வகையே தேவை. பிரான்ஸிலும் பொதுமக்கள் கூடும் கட்டடங்களின் அவசர வாசலில் மின்பூட்டு இருந்தால், மின்சாரம் அறும்போது அது விட்டுவிட வேண்டும் என்பதே விதி.

ஒரே கதவுள்ள லயன் அறையில் தீப்பிடித்தால் என்ன நடக்கும் என்பதை மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மழைக்காலக் காற்றில் மரம் விழுந்து மின்கம்பி அறுவது இங்கே புதிதல்ல. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தது. ஆகவே மின்சாரம் நின்றால் என்ன நடக்கும் என்பதை, பூட்டைத் தெரிவுசெய்யும்போதே கேட்க வேண்டும்.

மின்னிணைப்பில் தடுமாற வைக்கும் எழுத்துகள்

கட்டுப்பாட்டுப் பலகையில் பிரெஞ்சு உபகரணம் 'என்எஃப்' என்று காட்டும் இடம், ஆங்கிலத்தில் 'என்சி'. இரண்டும் 'இயல்பில் மூடிய தொடுகை' என்பதன் சுருக்கம். 'என்ஓ' இரு மொழியிலும் ஒன்றே: இயல்பில் திறந்த தொடுகை. 'ருப்த்யூர்' பூட்டின் மின்வழி பொதுவாக 'என்எஃப்' ஊடாகவும், 'எமிஸியோன்' பூட்டின் மின்வழி 'என்ஓ' ஊடாகவும் போகும். மாற்றிக் கொடுத்தால் அட்டையைக் காட்டும்போது கதவு பூட்டும், மற்ற நேரமெல்லாம் திறந்திருக்கும்.

'அலிமாந்தாஸியோன்' என்றால் உணவு என்றும் பொருள் உண்டு. இங்கே அது மின்வழங்கி, ஆங்கிலத்தில் 'பவர் சப்ளை'. 'செக்தர்' என்பது பகுதி அல்ல, பிரதான மின்சாரம். 'தெஃபோ செக்தர்' என்று விளக்கு எரிந்தால் பிரதான மின்சாரம் இல்லை என்று அர்த்தம். 'பத்ரி து ஸ்கூர்' என்பது மின்வெட்டு நேரத்தில் கைகொடுக்கும் பற்றரி.

'தெக்லான்ஷர் மனுவெல்' என்பது வாசலருகே உள்ள பச்சைப் பெட்டி. அதை அழுத்தினால் பூட்டுக்குப் போகும் மின்சாரம் நேரடியாக அறுபட வேண்டும். அந்தக் கம்பியைக் கட்டுப்பாட்டுப் பலகைக்கு மட்டும் கொடுத்துவிட்டு வருவது பிழை. பலகை பழுதானால் பெட்டியும் பயனற்றுப் போகும்.

பாஸ், பாட்ஜ், துண்டு

பிரெஞ்சில் 'பாஸ்' என்று சுருக்கிச் சொல்வது எல்லாக் கதவையும் திறக்கும் திறப்பை. ஆங்கிலத்தில் அது 'மாஸ்டர் கீ'. நமக்கு அந்தச் சொல்லின் நினைவு வேறு. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள் உட்பட, 1990களில் வவுனியாவில் நின்றவர்களுக்கு 'பாஸ்' என்பது அடுத்த ஊருக்குப் போக விடுமா விடாதா என்று தீர்மானித்த ஒரு கடதாசி.

'பாட்ஜ்' என்பது பிரெஞ்சில் சட்டையில் குத்தும் சின்னம் மட்டுமல்ல. கதவைத் திறக்கும் அட்டையும் அதுவே. ஆங்கிலத்தில் 'எக்ஸஸ் கார்ட்'. 'பாட்ஜூஸ்', 'புவாந்தூஸ்' இரண்டும் வேலைக்கு வந்த நேரத்தைப் பதியும் இயந்திரங்கள். நம் பிரட்டுக்களத்தில் செக்ரோல் செய்த வேலையை இவை செய்கின்றன.

மலையகத்துக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்டபம் முகாம் வழியாக வந்த தொழிலாளரிடம், எந்தத் தோட்டத்துக்குரியவர் என்று காட்டும் எண் பொறித்த தகரத் துண்டு இருந்தது. கடன் தீர்ந்தால்தான் ஆளை விடுவோம் என்று தோட்டம் எழுதிக் கொடுத்த 'துண்டு' முறை 1921 இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அட்டையும் துண்டும் யார் கையில், யாருடைய விதிப்படி என்பதே அன்றும் இன்றும் கேள்வி.

வேலைக்குப் போகும்போது

பிரெஞ்சுச் சொல்லுக்கு ஆங்கிலச் சொல் கிடைத்ததும் நின்றுவிடாதீர்கள். பூட்டைப் பொருத்தியபின் பிரதான மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள். பிறகு பற்றரியையும் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஓர் ஆளை நிறுத்தி, அவரால் வெளியே வர முடிகிறதா என்று பாருங்கள். பச்சைப் பெட்டியின் மேல் 'வெளியே செல்ல இதை அழுத்தவும்' என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். புகை சூழ்ந்த நேரத்தில் எவரும் அகராதி தேடமாட்டார்கள்.