சானடோரியம் ஸ்டேஷனும் எங்கள் பெரியப்பாவும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நியூஜெர்சியிலிருந்து பெரியப்பா போன் செய்தார். வழக்கமான விசாரிப்பெல்லாம் முடிந்ததும் திடீரென்று, "பெருங்களத்தூர்ல டபுள் பெட்ரூம் பிளாட் இப்ப என்ன ரேட்டுடா போகுது?" என்று கேட்டார். யாரோ நண்பருக்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லை, அவருக்குத்தான்.

அவருக்கு 59 வயது. அடுத்த வருடம் வேலையை விட்டுவிடலாம் என்றிருக்கிறார். வேலை போனால் கம்பெனி தருகிற மருத்துவக் காப்பீடும் போய்விடும். அமெரிக்க அரசின் மெடிகேர் பொதுவாக 65 வயதில்தான் தொடங்கும். இடையில் உள்ள ஐந்து வருடத்துக்குச் சொந்தக் காசில் இன்சூரன்ஸ் எடுத்தால் சேமிப்பில் பெரிய ஓட்டை விழும். பெரியம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் வேறு பாக்கி. "அங்க ஆகுற செலவுல இங்க ஒரு பங்குதான். பேசாம வந்துடறோம்" என்றார்.

அப்பா உடனே என்னைப் பார்த்து, "நீதான் பி.காம். படிக்கிறியே, ஒரு கணக்கு போட்டுக் கொடு" என்று சொல்லிவிட்டார். (மூன்று வருடப் படிப்புக்கு வீட்டில் கிடைத்த முதல் மரியாதை!) நானும் எக்ஸெல்லைத் திறந்து இடது பக்கம் நியூஜெர்சி, வலது பக்கம் பெருங்களத்தூர் என்று இரண்டு பத்தி போட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி தலை நிமிராமலே சொன்னார்: "வைத்தியத்துக்குன்னு ஊர் மாத்துறது நம்ம வீட்டுல இது ரெண்டாவது தடவை."

எக்ஸெல்லை மூடிவிட்டு முதல் தடவை எது என்று விசாரிக்கப் போனதில் வந்ததுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தினமும் காலேஜுக்குப் போகும்போது தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் 'தாம்பரம் சானடோரியம்' என்று ஒரு ஸ்டேஷன் வருமே, நம்மில் எத்தனை பேர் அந்தப் பெயருக்கு அர்த்தம் யோசித்திருப்போம்? மெப்ஸுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இறங்குகிற இடம் என்பதோடு என் அறிவு நின்றிருந்தது. சானடோரியம் என்றால் காசநோயாளிகள் மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெறும் இடம். அந்த நோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் உருவான ஏற்பாடு அது.

மருந்து இல்லாவிட்டால் என்ன வைத்தியம்? சுத்தமான காற்று, முழு ஓய்வு, சத்தான சாப்பாடு. இவ்வளவுதான். அதனால் 19-ஆம் நூற்றாண்டில் காசநோய்க்கு வைத்தியம் என்றாலே ஊர் மாறுவதுதான். ஐரோப்பாவில் பணமுள்ளவர்கள் சுவிட்சர்லாந்தின் தாவோஸ் போன்ற மலையூர்களுக்குப் போய் மாதக்கணக்கில் கிடந்தார்கள். நம் நாட்டு வசதியானவர்களும் போனார்கள். நேருவின் மனைவி கமலா நேரு ஜெர்மனிக்குப் போய், பிறகு சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 1936 பிப்ரவரியில் இறந்தார்.

நமக்கு இன்னும் நெருக்கமான பெயர் ஒன்று உண்டு. கணிதமேதை ராமானுஜன். 1914 மார்ச்சில் சென்னையிலிருந்து 'நெவாசா' என்ற கப்பலில் இங்கிலாந்து கிளம்பினார். அதே கப்பலில் பயணம் செய்த ஒரு மருத்துவரின் பெயர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து. இவர் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் ஒரு காசநோய் சானடோரியம் நடத்திவந்தார். மூன்று வருடம் கழித்து, 1917-இல், காசநோய் என்று சந்தேகிக்கப்பட்ட ராமானுஜன் அந்த சானடோரியத்துக்கே நோயாளியாகப் போக நேர்ந்தது. கும்பகோணத்தில் வளர்ந்த, சைவச் சாப்பாடு தவிர எதையும் தொடாத ஒருவர், குளிர்காற்றையே மருந்தாக நினைக்கும் இடத்தில் எப்படி இருந்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். அங்கிருந்து வேறு மருத்துவமனைகளுக்கு மாறி மாறிப் போய், 1919-இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32. (அது காசநோயே இல்லை, அமீபாவால் வந்த ஈரல் நோயாக இருக்கலாம் என்று 1994-இல் ஒரு மருத்துவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து எழுதினார். அது தனிக்கதை.)

சேத்துப்பட்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வரும்.

சௌரி முத்துவுக்கு வருவோம். இங்கிலாந்தில் பெயர் எடுத்த இந்த மனிதர் நம் பக்கம் வந்து 1928-இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியம் தொடங்கினார். தொடக்கத்தில் 12 படுக்கைகள்தான். அப்போது இது நகரத்துக்கு வெளியே இருந்த வறண்ட நிலம். பக்கத்தில் பச்சைமலை, சுற்றிலும் வெட்டவெளி, நல்ல காற்று. அதே சமயம் ரயில் பாதையும் உண்டு. 1931-இல் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததும் பட்டணத்துக்கும் இந்தக் காட்டுக்கும் தூரம் குறைந்துபோனது. 1937-இல் மருத்துவமனை அரசின் கைக்கு வந்தது. மெட்ராஸ் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்கு வந்ததும் அதே 1937-இல்தான். இன்று நாம் 'சிட்டியை விட வாடகை கம்மி, காற்று நல்லா வரும்' என்று சொல்லி இந்தப் பக்கம் வீடு தேடுகிறோமே, அந்தக் காரணத்துக்கு ஏறக்குறைய நூறு வயது.

இனி பாட்டி கதை.

பாட்டியின் அப்பா கும்பகோணத்தில் பாத்திரப் பட்டறையில் வேலை பார்த்தவர். 1951-இல் இருமலில் ரத்தம் வந்திருக்கிறது. யாரோ சொல்லி, மனைவியையும் எட்டு வயது மகளையும் (அதாவது என் பாட்டியை) கூட்டிக்கொண்டு தாம்பரத்துக்கு வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். அரசு ஆஸ்பத்திரி என்பதால் கட்டிலுக்கு ஆன செலவு பெரிதில்லை. ஆனால் வெளியே அம்மாவும் பெண்ணும் தங்க ஒரு அறை வேண்டும், அதற்கு வாடகை. பட்டறைக் கூலி நின்றுவிட்டது. ஊரில் வாங்கிய கடனுக்கு வட்டி நிற்கவில்லை. கொள்ளுப்பாட்டி ஒரு வீட்டில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார்.

நாலு மாதத்தில் இருமல் குறைந்தது. உடம்பில் கொஞ்சம் சதை பிடித்தது. "சரியாப் போச்சு" என்று முடிவு செய்துவிட்டார். டாக்டர் இன்னும் இருக்கச் சொல்லியும் கேட்காமல் குடும்பத்தோடு கும்பகோணம் ரயிலேறிவிட்டார். அடுத்த வருடமே இறந்துபோனார்.

"வைத்தியம் சரியில்லாம சாகலடா. வாடகை குடுக்க முடியாம செத்துப்போனாரு" என்றார் பாட்டி. இதைச் சொல்லும்போதும் கீரை ஆய்வது நிற்கவில்லை. எழுபது வருடத்துக்கு மேலாக மனதுக்குள்ளேயே சொல்லிப் பழகிய வாக்கியம் போல இருந்தது.

அதன் பிறகு கடன்காரர்கள் நடுவில் இருக்க முடியாமல் கொள்ளுப்பாட்டி மகளோடு திரும்பவும் இங்கேயே வந்தார். அந்தச் சமையல் வேலை மட்டுமே அவருக்குத் தெரிந்த வருமானம். தாம்பரத்தை விட வாடகை குறைவு என்று பெருங்களத்தூரில் குடியேறினார். எங்கள் குடும்பம் இந்த ஊர்க்காரர்கள் ஆன கதை இதுதான்.

இப்போது சேத்துப்பட்டு. ராமானுஜன் இறந்து 36 வருடம் கழித்து, 1956-இல், அதே சேத்துப்பட்டில் காசநோய் வேதிசிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து செய்தது. அதற்குள் ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், ஐசோனியாசிட் என்று மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ ஆயிரக்கணக்கில். எல்லோருக்கும் சானடோரியம் கட்ட எந்தக் கஜானாவும் தாங்காது. அப்படியானால் மருந்தைக் கொடுத்து வீட்டிலேயே இருக்கச் சொன்னால் என்ன ஆகும்?

வாலஸ் பாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தலைமையில் இந்தக் கேள்வியைச் சோதித்தார்கள். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேர். குலுக்கல் முறையில் ஒரு பாதிப் பேர் சானடோரியத்துக்கு, மறுபாதிப் பேர் அவரவர் வீட்டிலேயே. இரு தரப்புக்கும் 12 மாதம் ஒரே மருந்துகள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ்கள். வீட்டில் நெரிசலான அறை, அரைகுறைச் சாப்பாடு, பலருக்கு வேலையும் ஓயவில்லை. வருட முடிவில் நோய்க்கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். முடிவு 1959-இல் வெளியானது.

'92 தானே பெரிசு?' என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஆனால் எவ்வளவு செலவுக்கு எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். அத்தனை வசதிக்கும் கிடைத்தது அந்தச் சின்ன இடைவெளிதான். ஐந்து வருடம் தொடர்ந்து கவனித்ததிலும் வீட்டில் இருந்தவர்கள் பின்தங்கிவிடவில்லை. கூட இருந்த குடும்பத்தாருக்கு அதிகமாகத் தொற்றவும் இல்லை. பாட்டிக்கு நான் படித்துக் காட்டிய விஷயம் இன்னொன்று. சிகிச்சையைப் பாதியில் விட்டுக் கிளம்புகிற பழக்கம் வீட்டிலிருந்தவர்களை விட சானடோரியத்தில் இருந்தவர்களிடம்தான் அதிகம். குடும்பத்தை விட்டு எத்தனை மாதம் இருப்பார்கள்?

வீட்டு வைத்தியம் சும்மா நடந்துவிடவில்லை. சுகாதாரப் பணியாளர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள், மீதி மாத்திரையை எண்ணினார்கள், மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். கட்டிலை விட இந்தக் கண்காணிப்புதான் முக்கியம் என்று ஆனது. உலகமெங்கும் சானடோரியங்கள் வழக்கொழிந்துபோக சேத்துப்பட்டு ஆய்வு ஒரு பெரிய காரணம். அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

கொள்ளுத்தாத்தா ஐந்து வருடம் முன்னதாக நோயில் விழுந்துவிட்டார்.

தாம்பரம் சானடோரியம் மூடப்படவில்லை. நெஞ்சக நோய் மருத்துவமனையாகத் தொடர்ந்தது. 1993-இல் எய்ட்ஸ் நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கியது. பல இடங்களில் தொடவே பயந்த காலம் அது. ஆந்திராவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். 2004 ஏப்ரலில் மத்திய அரசு எய்ட்ஸுக்கான கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுத்த எட்டு மருத்துவமனைகளில் இதுவும் ஒன்று. பிறகு ஊர் ஊராக மையங்கள் வந்தன. அங்கேயும் அதே பாடம்தான். முதலில் நோயாளி மருந்தைத் தேடி வருகிறார், பிறகு மருந்து நோயாளியைத் தேடிப் போகிறது.

வசதியானவர்கள் வெளிநாடு போன கதையும் தலைகீழானது. 1968-இல் அண்ணா அறுவை சிகிச்சைக்கு நியூயார்க் போனார். 1984-இல் எம்.ஜி.ஆர். அதே ஊரின் புரூக்ளினுக்குப் போனார். இதற்கு நடுவில், அமெரிக்கா போகப் பணம் திரட்ட முடியாமல் ஒரு இளம் நோயாளி 1979-இல் இறந்ததுதான் தன்னைத் தூண்டியது என்று சொல்லி, பிரதாப் ரெட்டி 1983-இல் கிரீம்ஸ் சாலையில் அப்போலோவைத் தொடங்கினார். இன்று அந்தத் தெருவில் வங்காளத்தில் போர்டு வைத்த லாட்ஜ்கள். இலங்கையிலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் பெட்டியும் ஸ்கேன் கவருமாக வருகிறார்கள். அந்த லாட்ஜ்களைக் கடக்கும்போது இப்போது எனக்கு 1951-இன் வாடகை அறைதான் ஞாபகம் வருகிறது. ஆஸ்பத்திரி பில் குறைவு என்றுதான் வருகிறார்கள். அறை வாடகையும், கூட வந்தவரின் சம்பள இழப்பும் எந்த பில்லிலும் வராது. நம் பாடத்தில் அந்தச் சம்பள இழப்புக்குத்தான் ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட் என்று பெயர். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி.

எக்ஸெல்லைத் திரும்பத் திறந்தேன். முழங்கால் ஆபரேஷன், மாத்திரை, ஸ்கேன் என்று எந்த வரிசையைப் பார்த்தாலும் பெருங்களத்தூர்தான் ஜெயிக்கிறது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் புதிதாகச் சில வரிசைகள் சேர்த்தேன். இங்கே புதிதாக எடுக்கும் இன்சூரன்ஸில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 வருடம் வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம் (2024-க்கு முன் 4 வருடம்). மெடிகேர் பொதுவாக அமெரிக்காவுக்கு வெளியே செல்லாது, அதனால் 65-க்குப் பிறகும் இங்கே அது உதவாது. அக்கா கலிபோர்னியாவில். பேத்தியைப் பார்க்க வருடத்துக்கு எத்தனை டிக்கெட்? கடைசி வரிசைக்கு எண் போடத் தெரியவில்லை. ஆபரேஷன் முடிந்த மறுநாள் யார் கூட இருப்பது?

அடுத்த ஞாயிறு பெரியப்பாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அமைதியாகக் கேட்டார். பாட்டி போனை வாங்கி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏம்ப்பா, மாத்திரை போட்டியான்னு உன்ன அங்க யாரு கேக்குறா?"

"யாரும் கேக்கறதில்லம்மா" என்றார் பெரியப்பா.

"இங்க வந்தா நான் கேப்பேன். எனக்கப்புறம் யாரு கேப்பான்னும் பாத்துக்கிட்டு வா."

பிளாட் வாங்குவதைத் தள்ளி வைத்துவிட்டார்கள். ஜனவரியில் இருவரும் வந்து ஆறு மாதம் எங்கள் வீட்டு மாடியிலேயே இருந்து பார்க்கப் போகிறார்கள். முழங்கால் ஆபரேஷன் அப்போதுதான். எக்ஸெல்லில் அந்தக் கடைசி வரிசையில் இப்போதைக்கு என் பெயரைப் போட்டு வைத்திருக்கிறேன்.

பி.கு: அடுத்த முறை சானடோரியம் ஸ்டேஷனைத் தாண்டும்போது மொபைலிலிருந்து ஒரு நிமிடம் தலையைத் தூக்கி அந்தப் பெயர்ப் பலகையைப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் வைத்தியத்துக்காக ஊர் மாறிய கதை இருந்தால் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள். நான் இருபது வருடம் கேட்காமல் இருந்துவிட்டேன்.