கண்புரை அறுவை சிகிச்சையின் வரலாறு

கண்புரை என்பது கண்ணின் உள்ளே இருக்கும் விழிவில்லை தெளிவை இழந்து மங்கிப்போவதாகும். கண்மணிக்குப் பின்னால் அமைந்த இந்த வில்லை நீராலும் புரதங்களாலும் ஆனது. வயது ஏறும்போது புரதங்கள் திரண்டு, உள்ளே வரும் ஒளியைச் சிதறடிக்கின்றன. சொட்டு மருந்தால் இதைத் தெளிவாக்க முடியாது. மங்கிய வில்லையை வழியிலிருந்து விலக்குவது ஒன்றே தீர்வு. அந்த வித்தை சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. விலக்கிய இடத்தில் எதை வைப்பது என்ற கேள்விக்கு 1949 வரை சரியான விடை கிடைக்கவில்லை.

சுஸ்ருத சம்ஹிதையின் உத்தர தந்திரம் இச்சிகிச்சையை விவரிக்கிறது. சலாகை என்னும் கூர்முனைக் கருவியைக் கண்ணின் பக்கவாட்டில் செலுத்திச் செய்யும் முறை அது. பின்னர் நெய்யில் நனைத்த துணியால் கண்ணைக் கட்ட வேண்டும். நோயாளி தும்மவோ இருமவோ ஏப்பம் விடவோ கூடாது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான செல்சஸும் ஊசியால் புரையைக் கீழே தள்ளும் முறையை எழுதினார். இம்முறையில் வில்லை வெளியே வருவதில்லை. கண்ணுக்குள்ளேயே அடியில் போய்த் தங்கும். ஒளி நுழைய வழி பிறந்ததால் நோயாளிக்கு உருவங்கள் தெரியும். ஆனால் சீழ் பிடித்தோ, கண்ணில் அழுத்தம் ஏறியோ பலர் பின்னர் பார்வையை முற்றிலும் இழந்தனர்.

தள்ளப்படுவது இன்னதென்றே நெடுங்காலம் சரியாகப் புரியவில்லை. வில்லைக்கு முன்னால் இறங்கி உறைந்த ஒரு நீரே புரை என்று ஐரோப்பிய மருத்துவர்கள் நம்பினர். இந்நோயின் ஆங்கிலப் பெயரான 'கேட்டராக்ட்' என்பதற்கு அருவி என்ற பொருளும் உண்டு. 1705இல் பிரெஞ்சு மருத்துவர் பிரிஸ்ஸோ இறந்த ஒருவரின் கண்ணை அறுத்துப் பார்த்து, மங்கியிருப்பது வில்லையே என்று காட்டினார். அதன் பிறகும் ஊசி முறை ஓயவில்லை. ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயர் ஊர் ஊராகச் சென்று, ஆரவாரமாக விளம்பரம் செய்து, அறுவை செய்தார். 1750இல் லைப்சிக் நகரில் இசைமேதை பாக்கின் கண்களில் இரண்டு முறை கை வைத்தார். பாக் பார்வையிழந்து அவ்வாண்டு ஜூலையில் இறந்தார்.

அதே காலத்தில் ஜாக் டாவியல் என்ற பிரெஞ்சு மருத்துவர் வேறு வழியில் சென்றார். 1747இல் கருவிழியின் ஓரத்தை வெட்டி, வில்லையையே வெளியே எடுத்தார். 1752இல் பாரிசில் தன் முறையை அறிவித்தார். மரத்துப்போகச் செய்யும் மருந்து அப்போது இல்லை. விழித்திருக்கும் நோயாளியை உதவியாளர்கள் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1884இல் வியன்னாவின் இளம் மருத்துவர் கார்ல் கோலர், கொக்கெய்ன் கரைசல் கண்ணை மரத்துப்போகச் செய்யும் என்று கண்டறிந்தார். ஹைடல்பர்க் மாநாட்டுக்குப் போகக் கையில் பணமில்லாததால், அவர் கட்டுரையை நண்பர் ஒருவர் வாசித்தார்.

வலி தீர்ந்தாலும் குறை தீரவில்லை. வில்லை இல்லாத கண்ணால் எதையும் குவித்துப் பார்க்க முடியாது. அதற்காகத் தரப்பட்டதே, தமிழ்நாட்டில் 'சோடாபுட்டி' என்று கேலி செய்யப்பட்ட தடித்த கண்ணாடி. அதில் பொருள்கள் ஏறக்குறைய கால் பங்கு பெரிதாகவும் பக்கங்களில் வளைந்தும் தெரியும். கண்ணாடி உடைந்தால், புதியது கிடைக்கும் வரை மீண்டும் குருடுதான்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகளின் கண்களில் விமானக் கூரையின் 'பெர்ஸ்பெக்ஸ்' பிளாஸ்டிக் சில்லுகள் தைத்தன. கண்ணாடிச் சில்லுகளைப் போல அவை கண்ணைப் புண்ணாக்காமல் கிடப்பதை மருத்துவர் ஹரால்டு ரிட்லி கவனித்திருந்தார். பின்னர் ஒரு மாணவர், எடுத்த வில்லைக்குப் பதில் வேறொன்றை ஏன் வைப்பதில்லை என்று கேட்டது அவரை உந்தியது. 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பிளாஸ்டிக் லென்சை ஒரு பெண்ணின் கண்ணில் வைத்துப் பார்த்தார். லென்சின் திறன் பிசகியதால் அவருக்குக் கடுமையான கிட்டப்பார்வை ஏற்பட்டது. இன்று அறுவைக்கு முன் கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளப்பது இப்பிசகைத் தவிர்க்கத்தான். கண்ணிலிருந்து அந்நியப் பொருளை எடுப்பதே மருத்துவர் வேலை, வைப்பதல்ல என்று மூத்தவர்கள் ரிட்லியை எதிர்த்தனர். லென்ஸ் பரவலாக ஏற்கப்பட முப்பது ஆண்டுகள் ஆயின. இதற்கிடையே 1967இல் நியூயார்க்கின் சார்லஸ் கெல்மன், பல் மருத்துவரின் மீயொலிக் கருவியிலிருந்து யோசனை பெற்று, வில்லையைக் கண்ணுக்குள்ளேயே நொறுக்கி உறிஞ்சும் முறையை உருவாக்கினார்.

அடுத்த தடை விலை. மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணியிருந்தும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் செய்தவர் அவர். ஆனால் இறக்குமதி லென்ஸ் ஒன்று சுமார் நூறு டாலர். பணம் கட்டியவருக்கு லென்ஸ், இலவசமாக வந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சோடாபுட்டி என்ற நிலை அங்கும் இருந்தது. 1992இல் மதுரையிலேயே தொடங்கப்பட்ட ஆரோலேப், லென்சின் விலையைச் சுமார் பத்து டாலராகக் குறைத்தது. மீயொலி இயந்திரமின்றி, தையலின்றி, சிறு வெட்டு வழியாகச் செய்யும் முறையும் சேர்ந்ததால் முகாம் நோயாளிக்கும் லென்ஸ் கிடைத்தது. பயன் உலகறிந்தது.

இன்று அறுவை பொதுவாக அரை மணி நேரத்துக்குள் முடியும். மரத்துப்போகச் சொட்டு மருந்தோ ஊசியோ போதும். பலர் அன்றே வீடு திரும்புகிறார்கள். சில வாரங்கள் சொட்டு மருந்து விட வேண்டும், கண்ணைக் கசக்கக் கூடாது. வலி அதிகரித்தாலோ, பார்வை திடீரெனக் குறைந்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். வழக்கமான லென்ஸ் ஒரே தூரத்துக்குக் குவிவதால் படிக்கக் கண்ணாடி தேவைப்படலாம். சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பார்வை மங்கினால், புரை திரும்ப வந்துவிட்டதாகப் பலர் அஞ்சுகிறார்கள். பெரும்பாலும் அது லென்சைத் தாங்கும் உறையின் பின்பக்கம் மங்குவதுதான். லேசர் கதிரால் அதில் சிறு திறப்பு உண்டாக்கச் சில நிமிடங்களே ஆகும்.