இருபதிலிருந்து நான்குக்கு: என்95 முகக்கவச மறுபயன்பாட்டில் பொருத்தம் என்னும் அளவுகோல்

2020 மார்ச் இறுதியில், கொரோனாவின் முதல் அலை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒஹாயோ மாநிலத்தின் பட்டெல் நிறுவனத்துக்கு அவசர அனுமதி ஒன்றை வழங்கியது. ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியில் கிருமிநீக்கிய என்95 முகக்கவசம் ஒன்றை 20 சுற்றுகள் வரை திரும்பப் பயன்படுத்தலாம் என்றது அந்த அனுமதி. 2021 ஜனவரியில் அதே நிர்வாகம் இருபதை நான்காகக் குறைத்தது. இடைப்பட்ட பத்து மாதத்தில் ஆவியின் வேதியியல் மாறவில்லை; வைரஸ் அதைத் தாங்கப் பழகிக்கொள்ளவும் இல்லை. அப்படியானால் இந்த எண் ஏன் சரிந்தது? கிருமி செத்ததா என்பதையே மையக் கேள்வியாக வைத்துக்கொண்டதுதான் கோளாறு என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சொல் குறித்து. ‘கிருமிநீக்கம்’ என்ற ஒரே சொல்லைத் தமிழில் இரு வேறு செயல்களுக்கும் புழங்குகிறோம். அறுவைக் கருவியை ஆட்டோகிளேவில் வைத்து, எளிதில் சாகாத பாக்டீரிய வித்துகளையும் விட்டுவைக்காமல் அழிப்பது ஒன்று. நோய் தொற்றாத அளவுக்குக் கிருமியின் எண்ணிக்கையைக் குறைப்பது மற்றொன்று. முகக்கவச விவகாரத்தில் பெரும்பாலும் நடந்தது இரண்டாவது. முன்னதை முழு அழிப்பு என்றும் பின்னதைக் குறைப்பு என்றும் பிரித்து எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

என்95 வகைக் கவசம் ஒன்றைக் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெளியேயும் உள்ளேயும் சற்று முரடான துணி போன்ற அடுக்குகள் தெரியும். நடுவில் இருப்பது பஞ்சுபோல் மெல்லிய வெள்ளை அடுக்கு. உருக்கி ஊதிய பாலிபுரோப்பிலீன் இழைகளால் ஆனது அது. வேலையின் பெரும்பகுதி அதனுடையது. அது சல்லடை அல்ல: இழைகளுக்கு இடையிலுள்ள இடைவெளி வைரஸைவிடப் பெரியது. தயாரிக்கும்போதே இழைகளில் நிலையான மின்னூட்டம் ஏற்றிவிடுகிறார்கள்; காற்றில் வரும் நுண்துகளை அந்த மின்னூட்டம் இழுத்துப் பிடிக்கிறது. இந்த நுட்பத்தில் முன்னோடியான டென்னசி பல்கலைக்கழகத்தின் பீட்டர் சாய், ஓய்வுபெற்ற பிறகும் 2020-இல் கிருமிநீக்க ஆய்வுக்குத் திரும்பினார். மின்னூட்டம் ஏறிய இந்த அடுக்கு இருப்பதால்தான் 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்கவும் முடிகிறது, அணிபவர் மூச்சுத் திணறாமல் இருக்கவும் முடிகிறது.

சானிடைசர் தெளித்துக் காயவைக்கும் பழக்கம் ஆபத்தாவது இதனால்தான். ஆல்கஹால் இழைக்குள் ஊறி மின்னூட்டத்தைக் குலைத்துவிடுகிறது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட அளவீட்டில், ஆல்கஹாலில் நனைத்த வடிகட்டித் துணியின் திறன் சுமார் 56 விழுக்காட்டுக்கும், குளோரின் கரைசலில் நனைத்தது சுமார் 73 விழுக்காட்டுக்கும் விழுந்தன. கவசத்தின் நிறம் மாறாது, மூச்சு விடுவதிலும் வேறுபாடு தெரியாது. கிழிந்திருந்தால் தூக்கி எறிந்திருப்போம். பழுது கண்ணுக்குத் தெரியாததால் மறுநாளும் அதையே அணிவோம். இட்லிப் பானை ஆவியில் வைப்பதும் நல்லதல்ல. அதே அளவீட்டில், முதல் சுற்றில் தாக்குப்பிடித்த துணி, நீராவி திரும்பத் திரும்பப் பட்டதும் 95-க்குக் கீழே இறங்கியது. நுண்ணலை அடுப்பு கேட்கவே வேண்டாம்: அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியாஷ் 2009-இல் வெளியிட்ட ஆய்விலேயே சில கவசங்கள் அதில் உருகிப்போயின.

வெப்பம் வேறு கதை. அதே ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 85 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை, ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தி, 50 சுற்றுகள் கொடுத்தும் வடிகட்டும் திறன் குறையவில்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தார் மின்சாரக் குக்கரில் தண்ணீர் ஊற்றாமல் 100 டிகிரியில் 50 நிமிடம் வைத்துப் பார்த்து 20 சுற்றுகள் தாங்கும் என்றனர். தைவானில் சுகாதார அமைச்சரே அரிசிக் குக்கரில் இதைச் செய்துகாட்டினார், சாதாரண அறுவைசிகிச்சை முகக்கவசத்தை வைத்து. புறஊதாக் கதிரும் பயன்படும். ஆனால் கதிர் படாத மடிப்பில் கிருமி பிழைத்துக்கொள்ளும். தொற்றுக் காலத்தில் கைப்பேசிக்கும் முகக்கவசத்துக்கும் சேர்த்து விற்ற கதிர்ப் பெட்டிகளில், கதிரின் அளவு என்ன என்று ஒரு வரிகூட அச்சிடாத பெட்டிகள் உண்டு. அவற்றை நம்ப இடமில்லை.

ஆக, கிருமியைக் கொல்லவும் வடிகட்டியைக் காக்கவும் வழிகள் கிடைத்துவிட்டன. மிச்சம் இருப்பது மூன்றாவது சோதனை: முகத்தோடு பொருந்துதல். வெளிக்காற்றில் உள்ள துகளில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் கவசத்துக்குள் வரக்கூடாது என்பதே பொருத்தச் சோதனையின் வரம்பு. ஓரத்தில் ஒரு சிறு இடைவெளி விழுந்தாலே இந்த வரம்பு உடைந்துவிடும். காற்று தடை குறைந்த வழியைத்தான் தேடிப் போகும். கவசத்தைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் எலாஸ்டிக் கொஞ்சம் நீள்கிறது, மூக்கின் மேல் வளைத்த உலோகப் பட்டை கொஞ்சம் நெகிழ்கிறது. எலாஸ்டிக் தளர்ந்ததும் அதில் முடிச்சுப் போட்டுச் சமாளிக்கிறோம். மூச்சு விட்டதும் மூக்குக்கண்ணாடி மங்கினால், காற்று மேல் ஓரத்தில் கசிகிறது என்று பொருள்.

பட்டெல் 2016-இல் வெளியிட்ட தன் ஆய்வறிக்கையிலேயே இதற்கான தடயம் இருந்தது. 50 சுற்றுகளுக்குப் பிறகும் வடிகட்டி நன்றாக இருந்தது. 20 சுற்றுகளைத் தாண்டியதும் எலாஸ்டிக் பட்டைகள் சிதையத் தொடங்கின. அந்தச் சோதனையில் கவசங்களை மாட்டி வைத்தது செயற்கைத் தலையில். செயற்கைத் தலைக்கு வியர்க்காது; பத்து மணி நேரம் பேசாது; சாப்பிடக் கழற்றாது. மனித முகத்தில் அணிந்து பார்த்த ஆய்வுகளை ஒட்டி அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் ஒரு கவசத்துக்கு ஐந்து அணிதல் என்று வரம்பு சொன்னது. 2020-இல் சான் பிரான்சிஸ்கோவில் கவசத்தைத் திரும்ப அணிந்துவந்த மருத்துவமனைப் பணியாளர் 68 பேரைச் சோதித்தபோது 26 பேரின் கவசம் பொருத்தச் சோதனையில் தோற்றது. வாத்தலகு வடிவக் கவசங்களில் பத்துக்கு ஏழு. அவை தோற்றது கிருமியிடம் அல்ல, தளர்ச்சியிடம். இருபது நான்கானதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும்.

அந்த நெருக்கடியில் வேறு வழி இருந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, கையில் ஒன்றுமே இல்லாத செவிலியருக்குச் சற்றுத் தளர்ந்த கவசம் மேல்தான். ஆனால் இந்தக் கையறு நிலை எதிர்பாராமல் வந்ததல்ல. 1910–11 மஞ்சூரியப் பிளேக்கில் பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன்-தே பரப்பியது பஞ்சும் வலைத்துணியும் கொண்ட எளிய கவசம். பல பத்தாண்டுகள் மருத்துவமனைகள் துணிக் கவசங்களைத் துவைத்து, கிருமிநீக்கி, மறுபடி பயன்படுத்தின. 1960-களிலிருந்து ஒருமுறைப் பொருள் அந்த இடத்தைப் பிடித்தது. எறிவதற்கென்றே வடிவமைத்த பொருளைப் பிற்பாடு எறியாமல் வைத்துக்கொள்ளும் முயற்சியே 2020-இன் இயந்திரங்கள். அமெரிக்க மருத்துவக் கழகத்தின் குழு 2006-லேயே, ஒருமுறைக் கவசத்தை நம்பத்தக்க வகையில் கிருமிநீக்கும் வழி எதுவும் கைவசம் இல்லை என்று அறிக்கை தந்தது. பதினான்கு ஆண்டுகள் போயின.

மாற்றும் அப்போதே உண்டு. நெகிழ்ரப்பர் சுவாசக்கவசத்தைத் துடைத்துக் கிருமிநீக்கலாம், வடிகட்டியை மட்டும் மாற்றலாம். மருத்துவமனைகளில் அதன் பயன்பாடு குறித்து அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2018-லேயே அறிக்கை தந்திருந்தன. 2020-இல் பிட்ஸ்பர்க்கின் அலெகனி மருத்துவமனைக் குழுமம் தன் பணியாளர்களுக்கு அதைக் கொடுத்தது. குறைகள் இல்லாமல் இல்லை. பேச்சு மழுங்கும், பல வகைகளில் வெளிமூச்சு வடிகட்டப்படாமல் வால்வு வழியே போகும். இவை பொறியியல் தீர்க்கக்கூடியவை. நீண்டுபோன எலாஸ்டிக்கை எந்த ஆவியும் பழையபடி இழுத்துவிடாது.

2021 ஜூன் 30 அன்று அமெரிக்காவில் கிருமிநீக்க அனுமதிகள் அனைத்தும் திரும்பப் பெறப்பட்டன. காசநோய்ப் பிரிவுகள் உட்பட, ஒரே என்95-ஐப் பணியாளர்கள் நாள்கணக்கில் அணியும் நம் மருத்துவமனைகள் அடுத்த கொள்முதல் பட்டியலில் நெகிழ்ரப்பர் கவசத்துக்கு ஒரு வரி ஒதுக்க வேண்டும். அதற்கும் முன்னால், பொருத்தச் சோதனைக் கருவிக்கு ஒரு வரி.