ஜொகூர் மண்ணும் போர்க்கருவியும்

உக்ரைன் நாட்டு நகரங்களின்மேல் 2022-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈரானிய ஆளில்லா விமானங்கள் விழத் தொடங்கின. ஏவியது ருஷியா. விழுந்தவற்றைப் பிரித்துப் பார்த்த வல்லுநர்கள் கண்டது யாது? உள்ளேயிருந்த மின்னணு உறுப்புகளுள் பல, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செய்யப்பட்டவை! ஈரானுக்கு விற்கலாகாதென்று அந்நாடுகளே சட்டஞ் செய்துவைத்த பொருள்கள் அங்குப் போய்ச் சேர்ந்த வழி எது? 2023 டிசம்பரில் அமெரிக்க நிதித்துறை பத்து நிறுவனங்களையும் நால்வரையும் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஈரான், ஹாங்காங், இந்தோனேசியா ஆகியவற்றோடு மலேசியாவின் பெயரும் அப்பட்டியலில் இருந்தது. ஒருவர் சாட்டும் குற்றமே தீர்ப்பாகிவிடாது என்பதை நாம் ஒப்புகிறோம். ஆயினும் இந்த வாணிகம் நடைபெறும் முறையை அறிய வேண்டுவது நமது கடமை. அதை அறிதற்கு நூறாண்டு பின்னோக்கி ஜொகூருக்குச் செல்வோம்.

ஜொகூரில் ரப்பர்த் தோட்டம் வைக்க வந்த இஷிஹாரா ஹிரோயிசிரோ என்னும் ஜப்பானியர், பத்து பகாட்டை அடுத்த ஸ்ரீ மேடான் குன்றுகளில் இரும்புத் தாதுவைக் கண்டார். 1920-இல் அதற்கென ஒரு கம்பெனி அமைத்தார். தைவான் வங்கி கடன் கொடுத்தது. அடுத்த ஆண்டு முதல் ஜப்பானிலுள்ள யவாத்தா உருக்காலைக்குத் தாது போகலாயிற்று. வெட்டியெடுத்த கல் ஆற்றுவழியே படகுகளில் இறங்கிக் கடலில் நின்ற கப்பல்களில் ஏறியது. இதில் ஒளிவு மறைவு எதுவுமில்லை. ஜொகூர் அரசாங்கம் உரிமம் அளித்தது, வரும்படியும் பெற்றது. பிரிட்டிஷ் அதிகாரிகள் கணக்கெழுதினார்கள். திரெங்கானுவின் டுங்குனிலும் ஜப்பானியச் சுரங்கம் தோன்றிற்று. 1930-களின் பின்பாதியில் மலாயாவிலிருந்து ஆண்டொன்றுக்கு 15 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட இரும்புத் தாது ஜப்பானை அடைந்தது.

அந்த இரும்பு என்னவாகிறதென்று துரைமார்களுக்குத் தெரியாதா? 1937 ஜூலையில் சீனத்தின்மீது ஜப்பான் படையெடுத்தது உலகறிந்த செய்தி. அப்பொழுதும் கப்பல்கள் நிற்கவில்லை. நின்றவர்கள் கூலிகள்! தாம் வெட்டும் கல்லே தம் ஊரார்மீது குண்டாக விழுகிறதென்று உணர்ந்த சீனத் தொழிலாளர், 1938-இல் டுங்குன் சுரங்கத்தை விட்டுத் திரளாக வெளியேறினர். பத்து பகாட்டிலும் அதே எதிர்ப்பு எழுந்தது. வேறு வேலை கையிலில்லாமலே போனவர்கள் அவர்கள். படித்தவனும் பதவியாளனும் கேட்கத் துணியாத கேள்வியை மண்வெட்டி பிடித்தவன் கேட்டான். ஆயினும் 1939-இல் மலாயாவின் தாது ஏற்றுமதி முன்னையாண்டினும் மிகுந்ததேயன்றிக் குறைந்ததில்லை.

1941 ஜூலையில் பிரிட்டன் ஜப்பானியரின் சொத்துக்களை முடக்கிய பிறகே அவ்வாணிகம் முடிவுற்றது. ஆறு மாதம் கழிந்தது. 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை மூவாரையும் பத்து பகாட்டையும் கடந்து தெற்கே வந்தது. தாது போன கரை வழியே படை வந்தது. மூவார்ப் போரில் இந்தியச் சிப்பாய்கள் பலர் மாண்டனர். அதன்பின் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாமற் போனதை நம்மவர் வீடுகளில் இன்னும் சொல்லுகிறார்கள்.

இது சட்டத்துக்கு உட்பட்ட வாணிகம். இனிச் சட்டத்துக்குப் புறம்பானதைப் பார்ப்போம். 2003 அக்டோபரில், லிபியாவுக்குச் சென்றுகொண்டிருந்த ‘பிபிசி சைனா’ என்னும் கப்பல் இத்தாலியத் துறைமுகம் ஒன்றுக்குத் திருப்பப்பட்டது. அதிலிருந்த பெட்டிகளில் யுரேனியத்தைச் செறிவூட்டும் சுழற்பொறிகளுக்கான உறுப்புகள் இருந்தன. அவற்றைச் செய்தது சிலாங்கூர் மாநிலம் ஷா ஆலமிலுள்ள ஒரு தொழிற்சாலை. எதற்கென்று தெரியாமலே செய்தோம் என்றனர் தொழிற்சாலையார். போலீஸ் விசாரணையும் அவ்வாறே கூறிற்று. அந்நிகழ்ச்சிக்குப் பின்னும் ஆறு ஆண்டுகள் சென்றே, 2010-இல், மலேசியப் பாராளுமன்றம் போர்த்தொடர்புடைய பொருள்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நிறைவேற்றியது. ஏற்றுமதி மட்டுமன்றி, ஒரு கப்பலிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுதல், நாட்டின் வழியாகக் கடத்திச் செல்லுதல், தரகு பேசுதல் ஆகியவற்றையும் அது தழுவியது. கம்பெனிகளுக்குக் கோடிக்கணக்கான ரிங்கிட் அபராதமும் வகுத்தது.

சட்டம் இருந்தும் சரக்கு எவ்வாறு நழுவுகிறது? இரும்புத் தாது மலைபோற் குவிந்து கிடக்கும். எவர் கண்ணுக்கும் மறையாது. மின்னணுச் சில்லோ ஒரு தீப்பெட்டியில் நூறு அடங்கும். ஆளில்லா விமானத்தின் சிறகை அசைக்கும் சிறு மோட்டாரும், அது செல்லும் இடத்தைக் கணிக்கும் கருவியும் விளையாட்டு விமானத்திலும் உழவு இயந்திரத்திலும் உள்ளவைகளே. தரகன் ஒரு கம்பெனியின் பெயரைப் பதிவு செய்கிறான். வாங்குபவன் அதுவே என்று விற்பவனுக்கு எழுதித் தருகிறான். சரக்கு வந்ததும் வேறு பெயரில் வேறு நாட்டுக்கு அனுப்புகிறான். பொய் இருப்பது பெட்டியிலன்று. கடைசியாக வாங்குபவன் யார் என்று எழுதும் ஒரே வரியில். 1999-இல் இயங்கத் தொடங்கிய தஞ்சோங் பெலெப்பாஸ் போன்ற துறைமுகத்தில், கப்பல் மாறிச் செல்லும் பெட்டிகளே மிகுதி. அங்குப் பெட்டி தூக்கும் தொழிலாளி 1938-இன் சுரங்கத் தொழிலாளியைப் போல, இது இன்னாருக்குப் போகிறதென்று அறிய வழியில்லை.

ஆகையால் அறியக்கூடியவன் யாரோ அவன்மேலேயே பொறுப்பைச் சுமத்த வேண்டும் என்போம். ஐக்கிய நாடுகள் சபை விதித்த தடைகளையன்றித் தனியொரு நாடு விதிக்கும் தடைகளை ஏற்பதில்லையென்று மலேசிய அரசாங்கம் 2024-இல் கூறிற்று. வல்லரசுகளின் விருப்பத்துக்கெல்லாம் தலையாட்டாத அந்த நிலையை நாம் குறை கூறோம். ஆனால் தன் சட்டத்தைத் தானே நடத்துவதற்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லையே! பட்டியலில் இல்லாத பொருளானாலும், தீய பயனுக்குப் போகிறதென்று ஐயுற நியாயமிருந்தால் விற்கலாகாது என்ற விதி 2010-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. 2025 ஜூலை 14-இல், செயற்கை நுண்ணறிவுக்கான உயர்திறன் அமெரிக்கச் சில்லுகளை மலேசியாவிலிருந்து அனுப்புவோர் உரிமம் பெறவேண்டுமென்றும், பட்டியலில் இல்லாதவற்றுக்கு 30 நாள் முன்னதாக அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டுமென்றும் அந்நாட்டு வாணிக அமைச்சகம் ஆணையிட்டது. அத்தகைய சில்லுகள் குவியும் பெருங்கணினி நிலையங்கள் இன்று மிகுதியாக எழும்புவது ஜொகூரில்தான்.