குறத்தி பிடித்த கை

தொடர் - 14

சென்ற வாரம் தரங்கம்பாடி அச்சுக்கூடத்து வாசலில் விட்டோம். இந்த வாரம் தஞ்சாவூர் போயிருக்க வேண்டும். ஆனால் கோமுகி அணையைத் தாண்டி, கல்வராயன் மலையேறி, கரியாலூரில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். காரணம் ஒரு குறத்தி.

பேருந்து நிற்கும் இடத்தில், மரத்தடியில் சாக்கை விரித்து ஒரு பாட்டி கடுக்காயும் காட்டு நெல்லியும் குவித்து வைத்திருந்தார். விலை கேட்டேன். "மொதல்ல கைய நீட்டு தம்பி" என்றவர், என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் இரண்டு நெல்லிக்காயை வைத்து அழுத்தினார். "மென்னுட்டுத் தண்ணி குடி. அப்புறம் வெல பேசலாம்."

இந்த மலையில் வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள் என்று தங்கள் கதையைச் சொல்வார்கள். குறவர் வேறு, இவர்கள் வேறு. ஆனாலும் மலையில் பிறந்த ஒரு பெண் முன்பின் தெரியாதவன் கையை உரிமையோடு பிடித்து இழுத்த அந்த நொடியில், எனக்குக் குறவஞ்சி ஞாபகம் வந்தது.

குறவஞ்சி நாடகத்தின் கதை நமக்குத் தெரிந்ததுதான். தலைவன் உலா வருவான். தலைவி பார்த்து மயங்குவாள். பந்தாட்டம், நிலவைத் திட்டுவது, தோழியைத் தூது அனுப்புவது எல்லாம் முடிந்தபின் கூடையும் கோலுமாகக் குறத்தி வருவாள். தன் மலையின் பெருமையைப் பாடுவாள். தலைவியின் கையைப் பிடித்து ரேகை பார்த்துக் குறி சொல்வாள். பிறகு அவளைத் தேடிக்கொண்டு கண்ணியும் வலையுமாகச் சிங்கன் வருவான். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி இந்த வகையில் முடிசூடியது.

இந்தக் குறத்தியைத்தான் பெத்லகேமுக்கு அழைத்துப் போனார் கிறிஸ்தவப் புலவர் வேதநாயகம் சாஸ்திரியார்.

1774இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். சைவ வேளாளராகப் பிறந்து கத்தோலிக்கராகி, தேவசகாயம் என்று பெயர் பெற்ற தமிழ்ப் புலவர் அவருடைய தந்தை. பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர், 12 வயதுப் பையனின் சூட்டிகையைப் பார்த்து, 1785 வாக்கில் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனார். அங்கே அதே ஐயரின் அரவணைப்பில் இன்னொரு பையனும் வளர்ந்தான். இவரைவிட மூன்று வயது இளையவன். பிற்காலத்தில் தஞ்சை அரியணை ஏறிய இரண்டாம் சரபோஜி.

வேதநாயகம் தரங்கம்பாடியிலும் படித்தார். வேதத்தோடு கணிதம், வானவியல், உடற்கூறு என்று ஐரோப்பியக் கல்வியும் சேர்ந்தது. இருபது வயதுக்குள் தஞ்சைப் பள்ளியில் தலைமை உபாத்தியாயர். 1798இல் சுவார்ட்ஸ் மறைந்தார். அதே ஆண்டு சரபோஜி மன்னரானார். 1800ஐ ஒட்டிப் பிறந்தது 'பெத்லகேம் குறவஞ்சி'.

இதில் தலைவி தேவமோகினி என்னும் திருச்சபை. தலைவன் பெத்லகேம் நாதர். குறத்தி, விசுவாசத்தின் உருவம். வலை விரித்துப் பறவை பிடிக்கும் சிங்கன், ஆத்துமாக்களைத் தேடும் உபதேசியார். சட்டகம் பழையது. அதற்குள் சாஸ்திரியார் அடைத்ததோ ஒரு பள்ளிக்கூடம்! மலை வளம் பாடும் இடம் உலகப் படமாக விரிகிறது. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸின் கணக்கும் நூலுக்குள் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் பள்ளிப் பாடமாகப் பரவும் முன்பே அது பாட்டாகிவிட்டது.

மன்னரும் சும்மா இருக்கவில்லை. சரபோஜி மராத்தியில் எழுதிய 'தேவேந்திர குறவஞ்சி'யிலும் குறத்தியே பூகோளம் சொல்கிறாள். ஒரே ஆசானிடம் பயின்ற இருவருக்கும் புதுக் கல்வியைச் சபையில் சொல்ல அதே மலைப்பெண்தான் கிடைத்தாள். பண்டிதர் வாயைவிட அவள் வாய்க்கு ஊர் காதுகொடுக்கும் என்று இருவருமே அறிந்திருந்தார்கள்.

இத்தோடு முடித்தால் இது புகழ்மாலை. வரலாறு அப்படி முடியவில்லை.

சுவார்ட்ஸ் காலத்திலிருந்தே தஞ்சைச் சபையில் வேளாளருக்கு ஓரிடம், தலித் கிறிஸ்தவர்களுக்கு வேறிடம் என்ற வழக்கம் இருந்தது. 1820களில் வந்த புதிய மிஷனரிகள் சேர்ந்து உட்காரவும், நற்கருணையில் ஒரே கிண்ணத்தில் பருகவும் வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். சாஸ்திரியார் எதிர்த்தார், எழுதினார், மனுப் போட்டார். பழகிய பப்ரீஷியஸின் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுவது, கோயிலில் தமிழ்ப் பாட்டைக் குறைப்பது என்று அவர் சொன்ன மற்றக் குறைகளில் நியாயம் இருந்தது. அந்த நியாயங்களின் நடுவே சாதியையும் சேர்த்துக் கட்டினார். மிஷன் வேலை போயிற்று. அரவணைத்தவர் பழைய தோழர் சரபோஜி. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபையில் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று கடிதமே அனுப்பினார். அதன் பிறகும் பூசல் ஓயவில்லை.

ஆனால் பாட்டு, பாடியவரை மீறியும் வாழும். பெத்லகேம் குறவஞ்சி பிறந்த காலத்தில் வேல்ஸ் நாட்டு மலைப்புறத்தில் ஆன் கிரிஃபித்ஸ் என்ற பண்ணைவீட்டுப் பெண் பக்திப் பாடல்கள் இயற்றினார். சாஸ்திரியாரைவிட இரண்டு வயது இளையவர். 1805இல், 29 வயதில் இறந்தார். தாளில் எழுதி வைத்தது மிகக் குறைவு. வீட்டில் வேலை செய்த ரூத் எவன்ஸ் என்ற பெண் அவற்றை மனத்தில் வைத்திருந்தார். அந்த ஞாபகத்தால்தான் இன்று வேல்ஸ் அவற்றைப் பாடுகிறது. எசமானியின் பாட்டு வேலைக்காரியின் நாவில் பிழைத்தது.

சாஸ்திரியார் 1864 ஜனவரியில், தம் 90ஆம் வயதில் காலமானார். நூறுக்கு மேற்பட்ட நூல்கள். அவருடைய கீர்த்தனைகளை வம்சத்தார் தலைமுறை தலைமுறையாகக் கதாகாலட்சேபமாகப் பாடிவந்தார்கள். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை எந்தத் தமிழ்ச் சபைக்குப் போனாலும் அவர் பாட்டு ஒலிக்கலாம். யாரோடு கிண்ணத்தைப் பகிர அவர் மறுத்தாரோ, அவர்களின் வழிவந்தவர்களும் அதைப் பாடுகிறார்கள். பாட்டு அவரைவிட்டு முன்னே நடந்துவிட்டது.

கரியாலூர்ப் பாட்டியிடம் கால் படி நெல்லிக்காய் வாங்கினேன். அவர் சொன்னபடி முதல் காயை மென்று தண்ணீர் குடித்தேன். துவர்ப்பு போய் இனித்தது. கையில் அவர் விரல் பட்ட இடம் அப்போதும் பிசுபிசுத்தது.

குறி சொல்லும் குறத்தி தலைவியின் கையைத் தொட்டே ஆக வேண்டும். தொடாமல் ரேகை பார்க்க முடியாது. பெத்லகேம் குறவஞ்சியிலும் தேவமோகினி தயங்காமல் கை நீட்டினாள். அவளை நீட்ட வைத்த புலவர், சபைக்குள் போனதும் தம் கையை இழுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் தஞ்சாவூருக்கே போவோம். சுருளிமலையில் மூலிகை தேடி, பின்பு வீணைத் தந்தியில் சுருதிக் கணக்கு தேடிய ஆபிரகாம் பண்டிதர் அங்கே காத்திருக்கிறார்.

(தொடரும்)