அஸோத்தும் ஒரு தொட்டி மரமும்

பேத்தி பிறந்த ஆண்டு ஒரு கிறிஸ்துமஸ் மரம் வாங்கி மொட்டை மாடியில் வைத்தோம். அரோக்கேரியா என்னும் ஊசியிலை மரம். போன வருடம் அது வெளிறியது. தழைச்சத்துக் குறைவென்று நினைத்து ஒரு கைப்பிடி யூரியாவைத் தொட்டியில் கொட்டினேன். பத்தே நாளில் கீழ்க்கிளைகள் காய்ந்துவிட்டன.

தழைச்சத்து என்பது நைட்ரஜன். எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் அதை 'அஸோத்' என்றே படித்தோம். லவுவாசியே காலத்தில் வைத்த பெயர். கிரேக்க மூலத்தில் 'உயிர் இல்லாதது' என்று பொருள். அந்தக் காற்றில் விலங்குகள் பிழைக்காததால் அப்படிச் சொன்னார்கள். பயிர்களுக்கோ அது இல்லாமல் வாழ்வில்லை!

இதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் பூசேங்கோ. இளமையில் தென் அமெரிக்கா சென்றவர். பிறகு அல்சாஸ் பகுதியில் பெஷல்புரோன் பண்ணையில் சோதனைகள் செய்தார். சுட்டெடுத்த மணலைத் தொட்டிகளில் நிரப்பி, காய்ச்சி வடித்த நீர் ஊற்றிப் பயிர் வளர்த்தார். விதையிலிருந்த நைட்ரஜனையும் விளைந்த செடியிலிருந்ததையும் கணக்கிட்டார். பட்டாணியிலும் கிளோவரிலும் கூடியிருந்தது, கோதுமையில் கூடவில்லை. 1838இல் இதை வெளியிட்டார்.

1850களில் இன்னும் கவனமாக, கண்ணாடிக் கலத்துக்குள் மூடி வைத்து மறுபடி செய்தார். இம்முறை எதிலும் கூடவில்லை. செடிகள் காற்றிலிருந்து நைட்ரஜனை எடுப்பதில்லை என்று முடிவு செய்தார். உண்மை 1886இல் ஜெர்மானியர் ஹெல்ரீகல் மூலம் வெளிவந்தது. பட்டாணியின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களே அந்த வேலையைச் செய்கின்றன. பூசேங்கோவின் அதிகச் சுத்தமே அவற்றைக் கிட்டவராமல் தடுத்துவிட்டது. மறு ஆண்டு, 1887இல், அவர் காலமானார்.

பட்டாணிக்குக் கிடைக்கும் அந்த உதவி என் மரத்துக்கு இல்லை. தரையிலிருந்தால் வேர் தேடிப் போகும். தொட்டியில் எங்கே போகும்? ஊற்றும் தண்ணீரோடு சத்தும் அடித்துளை வழியே போய்விடுகிறது. ஆகவே நாம்தான் கொடுக்க வேண்டும். ஆனால் யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன். மொத்தமாகப் போட்டால் சிறிய தொட்டியில் வேர் வெந்துவிடும்.

நிறையத் தண்ணீர் விட்டு மண்ணைக் கழுவினேன். இப்போது மக்கிய எருவைக் கொஞ்சம் கொஞ்சமாக இடுகிறேன். நுனியில் புதுப் பச்சை தெரிகிறது. காய்ந்த கீழ்க்கிளைகள் போனது போனதுதான்; இந்த மரத்தில் அவை மறுபடி முளைப்பதில்லை. பேத்தி கேட்டாள். தாத்தா அவசரப்பட்டுவிட்டேன் என்றேன்.